செம்பும் சொல்லும்

சென்ற ஆண்டு நம் மன்றத்தின் புதுமுக மாணவர் வரவேற்பு விழாவுக்கு வாயில் துணி எழுதியவன் நான். ஆறு முழ வெள்ளைத் துணியில் ‘வருக! வருக!’ என்று சிவப்பு வண்ணத்தில் எழுதி, அரங்கின் கதவுக்கு மேலே கட்டினேன். எழுத்து நன்றாக அமைந்ததென்று நண்பர்கள் பாராட்டினார்கள். பிறகு அதே துணியின் கீழே ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, பெயர்ப்பட்டியலோடு உட்கார்ந்தேன்.

விழா தொடங்கிச் சிறிது நேரத்தில் ஓர் இளைஞர் வந்து நின்றார். வளாகத்துக்கு வெளியே உள்ள சிற்றுண்டிக் கடையில் தோசை வார்ப்பவர். உள்ளே பாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. “அண்ணே, நானும் தமிழ்தான். ஓரமா நின்னு கேட்டுட்டுப் போகட்டுமா?” என்றார். நான் பட்டியலைப் பார்த்தேன். அதில் அவர் பெயர் இருக்க வழியில்லை. “மாணவங்களுக்கு மட்டுந்தான், தம்பி” என்றேன். “சரிண்ணே” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். போகும்போது தலை நிமிர்ந்து அந்தத் துணியைப் பார்த்தாரா என்று நான் கவனிக்கவில்லை.

அதை நான் மறந்தே போனேன். சில மாதங்கள் கழிந்தன. உலோக அரிமானம் பற்றிய பாடத்துக்காக, நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் விடுதலைச் சிலையைப் பழுதுபார்த்த கதையைப் படிக்க நேர்ந்தது. வேதியியல் தேடிப் போனவன் வரலாற்றில் அகப்பட்டுக்கொண்டேன். வரலாறு என்னை ஒரு கவிதையிடம் கொண்டுபோய் விட்டது. கவிதையோ மீண்டும் அந்த மேசைக்கே அழைத்து வந்தது. அந்தப் பயணமே இக்கட்டுரை. ஒரு சிலை தன் கருத்தை எவ்வாறு சொல்கிறது? கவிதை அதனோடு எதைச் சேர்க்கிறது? இரண்டும் சொல்லி முடித்த பின்பு எஞ்சி நிற்கும் வேலை யாருடையது? இம்மூன்றையும் வரிசையாகக் காண்போம்.

சிலையின் மொழி

சிலைக்கு நாவில்லை. ஆனால் நிலை உண்டு, நோக்கு உண்டு, கையில் ஒரு பொருள் உண்டு, காலடியில் ஒரு பொருள் உண்டு, நிற்பதற்கு ஓர் இடமும் உண்டு. இவையே அதன் எழுத்துகள். படிக்கத் தெரிந்தவனுக்கு ஒவ்வொரு சிலையும் ஒரு வாக்கியம் சொல்லும்.

பழங்காலத்துச் சிலை ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வோம். கி.மு. 305இல் டெமெட்ரியஸ் என்னும் படைத்தலைவன் கிரேக்கத் தீவாகிய ரோட்ஸை முற்றுகையிட்டான். அடுத்த ஆண்டு, நகரைப் பிடிக்க முடியாமல், முற்றுகைக் கருவிகளை விட்டுவிட்டு அகன்றான். ரோட்ஸ் மக்கள் அக்கருவிகளை விற்றுக் கிடைத்த பொருளைக் கொண்டு, தங்கள் கதிரவன் தெய்வத்துக்கு மாபெரும் வெண்கலச் சிலை எழுப்பினார்கள். லிண்டோஸ் ஊரைச் சேர்ந்த சாரிஸ் என்னும் சிற்பி அதனை வடித்தார். உயரம் ஏறத்தாழ 33 மீட்டர். கி.மு. 226ஆம் ஆண்டளவில் வந்த நிலநடுக்கத்தில் அது முறிந்து வீழ்ந்தது. துறைமுக வாயிலின் இரு கரையிலும் காலை ஊன்றி, கப்பல்கள் இடையே புகுந்து செல்லும்படி அது நின்றது என்பது பிற்காலத்தார் கட்டிய கதை. கதையானாலும் அது சிலையின் பொருளைச் சரியாகவே பிடித்திருக்கிறது. ‘நாங்கள் வென்றோம், எங்கள் காலடியில் புகுந்துதான் நீ உள்ளே வரவேண்டும்’ என்பதே அந்த வாக்கியம்.

இனி நியூயார்க்குக்கு வருவோம். அங்கே நிற்பவள் ஒரு பெண். வலக் கையில் உயர்த்திய தீப்பந்தம். இடக் கையில் ஒரு பலகை. அதில் அமெரிக்க விடுதலை அறிக்கையின் நாளாகிய 1776 ஜூலை 4 உரோம எண்களில் பொறிக்கப்பட்டிருக்கிறது. தலையில் ஏழு கதிர்கள் கொண்ட முடி. காலடியில் அறுந்த சங்கிலி. வலக் குதிகால் தரையைவிட்டு எழும்பியிருக்கிறது. ஆம், அவள் நிற்கவில்லை, நடக்கிறாள். முகம் தென்கிழக்கே, கடலிலிருந்து கப்பல்கள் நுழையும் திசையை நோக்கியிருக்கிறது. தரையிலிருந்து தீப்பந்தத்தின் நுனி வரை 93 மீட்டர். பெண்ணுருவம் மட்டும் 46 மீட்டர்.

இவ்வளவு பெரிய உருவத்தின் கையில் வாளில்லை, வேலில்லை. வெற்றியைச் சொல்லவில்லை, வெளிச்சத்தைச் சொல்கிறது. அதன் முழுப்பெயரே ‘உலகுக்கு ஒளியூட்டும் விடுதலை’ என்பது.

பிறந்த கதை

இச்சிலை அமெரிக்காவில் பிறந்ததன்று. பிரெஞ்சுச் சட்ட அறிஞர் எதுவார் த லபுலேய் அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து, அடிமை முறை ஒழிந்தபோது, அதைக் கொண்டாட இரு நாட்டு மக்களும் சேர்ந்து ஒரு நினைவுச் சின்னம் எழுப்பலாமே என்ற எண்ணம் அவரிடமிருந்து தோன்றியது. அப்போது பிரான்சை ஆண்டவர் பேரரசர் மூன்றாம் நெப்போலியன். அடுத்த நாட்டின் விடுதலையைப் புகழ்வது சொந்த நாட்டுக்கும் ஒரு குறிப்புக் காட்டுவதாகும் என்பதை அவர் அறிந்தே இருந்தார்.

சிற்பி பிரெதரிக் ஒகுஸ்த் பர்தோல்தி. அவர் இதற்கு முன்பே, 1869இல், சூயஸ் கால்வாயின் வாயிலில் விளக்கேந்திய எகிப்தியக் குடியானவப் பெண்ணின் பெருஞ்சிலை ஒன்றை நிறுவ எகிப்து ஆட்சியாளரிடம் திட்டம் கொடுத்தார். அது நடைபெறவில்லை. பின்னர் 1870–71இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் மூண்ட போரில் பிரான்சு தோற்றது. பர்தோல்தி பிறந்த கொல்மார் நகரமும் அதைச் சூழ்ந்த அல்சாஸ் பகுதியும் செர்மனியின் கைக்குப் போயின. சொந்த ஊர் அயல்நாடாகிவிட்ட ஒருவரே விடுதலைச் சிலைக்கு இடம் தேடி 1871இல் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார் என்பதை நாம் நினைவில் வைக்கவேண்டும்.

தொடக்க மாதிரி ஒன்றில் அவளுடைய கையில் அறுந்த சங்கிலி இருந்தது. இறுதி வடிவத்தில் கைக்குப் பலகை வந்தது. சங்கிலி காலடிக்குப் போயிற்று. தரையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு இன்று அச்சங்கிலி எட்டுவதில்லை. அடிமை ஒழிப்பில் பிறந்த சிலையில் அடிமைத் தளையே கண்ணுக்கு மறைவாகிவிட்டது. சிலையின் மொழியில் ஒரு சொல்லை இடம் மாற்றினால் வாக்கியமே மாறிப்போகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இன்னொன்றும் குறிக்கவேண்டும். இதுவரை சொன்னவற்றில் ‘வரவேற்பு’ என்னும் பேச்சே இல்லை. விடுதலை உண்டு, குடியாட்சி உண்டு, இரு நாட்டு நட்பு உண்டு. கடல் கடந்து வரும் ஏழையைப் பற்றி லபுலேயும் பர்தோல்தியும் எண்ணிச் செய்தது ஒன்றுமில்லை. அது பிறகு வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்பதைக் காணுமுன், சிலையின் உள்ளே ஒரு முறை எட்டிப் பார்ப்போம்.

தோலும் எலும்பும்

நம் வீட்டுச் செப்புக்குடத்தின் தகடு எவ்வளவு கனமோ அதற்குப் பக்கத்தில்தான் இச்சிலையின் கனமும் இருக்கும். 2.4 மில்லிமீட்டர்! செப்புத் தகடுகளை மர அச்சுகளின் மேல் வைத்துத் தட்டித் தட்டி உருவாக்கினார்கள். மொத்தச் செம்பு ஏறத்தாழ 28 டன். இத்தனை மெல்லிய தோல் 46 மீட்டர் உயரத்தில் கடற்காற்றைத் தாங்குவது எங்ஙனம்? அதற்கு உள்ளே ஓர் இரும்புச் சட்டகம் வேண்டும். அதை வகுத்தவர் குஸ்தாவ் ஈஃபெல். பின்னாளில், 1889இல், பாரிசில் கோபுரம் எழுப்பியவரும் அவரே.

ஈஃபெலின் நுட்பம் இது. செப்புத்தோல் தன் எடையைத் தானே சுமப்பதில்லை. நடுவே நான்கு இரும்புத் தூண்கள். அவற்றிலிருந்து கிளைக்கும் கம்பிகள். அக்கம்பிகளின் நுனியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தட்டைப் பட்டைகள். தோலின் உட்புறத்தில் செப்புப் பற்றுகளைத் தறைந்து, அவற்றினுள் பட்டைகள் சற்றே வழுக்கிச் செல்லும்படி விட்டார். வெயிலில் செம்பு இரும்பைவிட மிகுதியாக விரியும். இரண்டையும் இறுக்கிக் கட்டியிருந்தால் தோல் கிழிந்திருக்கும். மணிக்கு 50 மைல் காற்றில் சிலை 3 அங்குலம் வரை அசையும், உடையாது. உறுதி என்பது விறைப்பில் இல்லை என்று பொறியியல் மாணவர்க்கு இதைக் காட்டிப் பாடம் சொல்லலாம்.

ஆனால் செம்பையும் இரும்பையும் அருகருகே வைத்தால் ஓர் இடர் உண்டு. இடையே உப்புநீர் பட்டால் இரண்டும் சேர்ந்து ஒரு மின்கலமாகிவிடும். அக்கலத்தில் கரைந்து அழிவது இரும்பு. செம்புக்கு ஒன்றும் நேராது. ஆகவே அரக்கில் தோய்த்த கல்நாரை இரண்டுக்கும் நடுவே வைத்தார்கள். இச்செய்தி மீண்டும் நமக்குத் தேவைப்படும்.

பீடமும் காசும்

சிலை பிரெஞ்சு மக்களின் கொடை. பீடம் அமெரிக்கரின் பொறுப்பு. சிலை 1885 ஜூன் மாதத்தில், இருநூற்றுக்கு மேற்பட்ட பெட்டிகளில், துண்டு துண்டாக நியூயார்க் வந்து இறங்கியபோதும் பீடம் முடியவில்லை; பணமில்லை. செல்வர்கள் கை விரித்தார்கள். அப்பொழுது ஜோசப் புலிட்சர் என்னும் செய்தித்தாள் உரிமையாளர் தம் ‘வேர்ல்டு’ இதழில் பொதுமக்களிடம் கையேந்தினார். எவ்வளவு சிறு தொகை தந்தாலும் பெயரை அச்சிடுவதாக வாக்களித்தார். ஐந்தே மாதத்தில் 1,20,000 பேருக்கு மேல் கொடுத்தார்கள்; தொகை 1,00,000 டாலரைக் கடந்தது. பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு. புலிட்சர் யார்? ஹங்கேரியில் பிறந்து, 1864இல், ஆங்கிலம் சரியாக அறியாத இளைஞராய் அமெரிக்காவில் இறங்கியவர். வந்தேறி ஒருவர் கேட்க, எளியோர் கொடுக்க, பீடம் எழுந்தது.

அதே ஆண்டில் அக்காசு கேட்பு ஒரு சீனர் கையிலும் போய்ச் சேர்ந்தது. அவர் பெயர் சௌம் சொங் போ. 1882இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர் நுழைவதைத் தடுக்கும் சட்டம் இயற்றியிருந்தது. சீனர் குடியுரிமை பெறவும் இயலாது. அவர் எழுதிய கடிதம் அச்சில் வந்தது. எங்களை வாயிலில் நிறுத்திவிட்டு, வருவோர்க்கெல்லாம் விளக்கேந்தும் சிலைக்கு எங்களிடமே காசு கேட்பது எங்களுக்கு இழிவன்றோ என்பது அக்கடிதத்தின் சாரம். தாமும் விடுதலையை நேசிப்பவர் என்பதை அவர் மறுக்கவில்லை. அதனாலேயே அந்தக் கேள்வி கூர்மையாயிற்று.

கவிதை பேசியது

பீடத்துக்கு நிதி திரட்ட 1883இல் ஒரு கலைக் கண்காட்சி நடத்தினார்கள். ஏலம் விடுவதற்காக எழுத்தாளர்களிடம் கையெழுத்துப் படிகள் கேட்டார்கள். எம்மா லாசரஸ் என்னும் பெண் கவிஞரையும் கேட்டார்கள். அவர் நியூயார்க்கில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த செல்வமான யூதக் குடும்பத்தில் 1849இல் பிறந்தவர். கேட்டவுடன் எழுதித் தருவது என்னால் இயலாது என்று முதலில் மறுத்தார்.

ஆனால் அவர் உள்ளத்தில் வேறொன்று கனன்றுகொண்டிருந்தது. 1881 முதல் உருசியாவில் யூதர்கள் மேல் கொடிய தாக்குதல்கள் நடந்தன. உயிர் தப்பியவர்கள் கூட்டங்கூட்டமாக நியூயார்க் வந்தார்கள். வார்டு தீவில் அடைந்து கிடந்த அவர்களை எம்மா நேரில் போய்க் கண்டார், உதவினார். அவருக்கும் அவர்களுக்கும் சமயம் ஒன்று; மற்றதெல்லாம் வேறு. மொழி வேறு, உடை வேறு, செல்வ நிலை வேறு. நகரத்து நாகரிக யூதர் சிலருக்கு அந்த ஏழைகளைத் தம்மவர் என்று சொல்லவே கூச்சம். எம்மா கூசவில்லை. அந்த அகதிகளை நினைத்துப் பாருங்கள் என்று நண்பர் கான்ஸ்டன்ஸ் கேரி ஹாரிசன் நினைவூட்டவே, கவிதை பிறந்தது. அதன் பெயர் ‘புதிய கொலோசஸ்’. கொலோசஸ் என்பது ரோட்ஸ் தீவுச் சிலையின் பெயர்.

பதினான்கு அடிகள் கொண்ட சானெட் வடிவம் அது. இத்தாலிய மரபில் முதல் எட்டு அடிகள் ஒரு நிலைமையை வரையும். பின் ஆறடிகளில் திருப்பம் வரும். எம்மா அவ்வடிவத்தை எவ்வளவு பொருத்தமாகக் கையாண்டார் பாருங்கள். முதற்பகுதியில் பழைய வெற்றிச் சிலைக்கு எதிரே புதிய பெண்சிலையை நிறுத்துகிறார். அவளை வீடிழந்தவர்க்கெல்லாம் ஒரு தாயாக்குகிறார். தீப்பந்தம் இப்போது உலகுக்கு உபதேசம் செய்யும் ஒளியாக இல்லை. இரவில் வரும் மகனுக்காகத் தாய் வாசலில் வைத்த விளக்காகிவிட்டது. பிற்பகுதியிலோ, வாய் திறவாத சிலை பேசத் தொடங்குகிறது. பழைய நாடுகளின் பகட்டு எனக்கு வேண்டாம். அவை வேண்டாமென்று ஒதுக்கிய எளியோரை என்னிடம் அனுப்புங்கள் என்ற கருத்தில் அப்பேச்சு அமைகிறது.

இங்கே நடந்தது என்ன? செம்பில் ஓர் அணுவும் கூடவில்லை; குறையவுமில்லை. கை அதே கை. விளக்கு அதே விளக்கு. ஆனால் பார்ப்பவன் கண் மாறிவிட்டது. சிலை ‘விடுதலை’ என்று மட்டும் சொன்னது. கவிதை ‘யாருக்கு?’ என்று கேட்டு, ‘வருகிறவனுக்கும்தான்’ என்று விடையும் சொன்னது. பெருஞ்சிலை ஒரு கருத்தைத் தொலைவிலிருந்து காணச் செய்கிறது. கவிதை அதே கருத்தை ஒரு மனிதனை நோக்கித் திருப்புகிறது. சிலை உலகைப் பார்க்கிறது. கவிதை களைத்து வந்த ஒருவனைப் பார்க்கிறது. இதுவே நான் கண்ட வேறுபாடு.

இக்கவிதையில் எனக்கு ஒரு குறையும் தோன்றுகிறது. வருகிறவர்களைப் பற்றிய சொற்களில் இரக்கம் சற்று மிகுந்துவிட்டது. இரக்கம் மிகுந்த வாசல் தாழ்வாக இருக்கும். உள்ளே வருகிறவன் குனிந்துதான் வரவேண்டும். வந்தவன் வெறுங்கையோடு வருவதில்லை என்பதற்குப் புலிட்சரே சான்று. ஆயினும், ஊரெல்லாம் கதவடைக்க நினைத்த காலத்தில் எழுந்த குரல் அது என்பதை எண்ணினால், அக்குறை சிறிதாகிவிடுகிறது.

மறக்கப்பட்ட பாட்டு

1886 அக்டோபர் 28 அன்று சிலை திறந்துவைக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாந்து வந்தார். எம்மாவின் கவிதை அன்று படிக்கப்படவில்லை. பெண்ணுருவச் சிலையின் திறப்பு விழாவில் பெண்களுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. வாக்குரிமை கேட்ட பெண்கள் வாடகைப் படகில் தீவைச் சுற்றி வந்து தம் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். அடுத்த மாதமே, கறுப்பின மக்களின் செய்தித்தாளாகிய ‘கிளீவ்லாந்து கெசட்’, இந்நாட்டின் தென்பகுதியில் எங்கள் மக்கள் அச்சமின்றி வாழும் நாள் வரும்வரை அந்த விளக்கை ஏற்றாதிருப்பதே நன்று என்ற கருத்தில் எழுதியது.

எம்மா 1887 நவம்பரில், முப்பத்தெட்டு வயதில் மறைந்தார். கவிதையும் அவரோடு மறைந்தது போலவே இருந்தது. நண்பர் ஜார்ஜினா ஸ்கைலர் முயன்றதால் 1903இல் அது வெண்கலப் பலகையில் வார்க்கப்பட்டுப் பீடத்தினுள் பதிக்கப்பட்டது. எழுதி இருபது ஆண்டுகள் சென்ற பின்பு!

அதற்குள், கவிதையை அறியாத மக்களே அதன் பொருளை உண்மையாக்கத் தொடங்கியிருந்தார்கள். பக்கத்து எல்லிஸ் தீவில் 1892 முதல் 1954 வரை இயங்கிய குடிவரவு நிலையத்தின் வழியே 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் நுழைந்தார்கள். கப்பலின் மேல்தளத்து முதல் வகுப்புப் பயணிகளுக்கு அங்கே சோதனை பெரும்பாலும் இல்லை. அடித்தளத்தில் நெருக்கியடித்து வந்தவர்களுக்குத்தான். மருத்துவர் ஐயுற்றவர்களின் சட்டையில் சுண்ணக்கட்டியால் குறியிட்டார்கள். திருப்பி அனுப்பப்பட்டோர் நூற்றுக்கு இருவர் அளவில் இருந்தனர். நுழைந்தவர் பலரும் முதலில் கண்டது அந்தப் பெண்ணை. அவளைக் கண்டு அழுதவர்களின் நினைவே அவளை வரவேற்பின் உருவமாக்கியது. கவிதை அந்நினைவுக்குச் சொல் கொடுத்தது.

துரு

இனிச் சொல்லப்போவது நம்மையும் தொடும் செய்தி. 1917இல் அமெரிக்கா ஓர் எல்லைக்கோடு வரைந்து, ஆசியாவின் பெரும்பகுதி மக்கள் குடியேறுவதைத் தடுத்தது. இந்தியா முழுவதும் அக்கோட்டுக்குள் இருந்தது. தமிழனும் அதில் அடக்கம். 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணிபுரிந்தவர். 1924 மே மாதத்தில் குடியரசுத் தலைவர் கூலிட்ஜ், எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் என்று பங்கு வகுத்து வாயிலைச் சுருக்கிய சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே கூலிட்ஜ் அதே ஆண்டு அக்டோபரில் விடுதலைச் சிலையைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். ஒரு கை சிலைக்கு மாலை சூட்டியது; மறு கை கவிதையின் வாயைப் பொத்தியது.

1946இல் இந்தியர்க்கு ஆண்டுக்கு 100 பேர் என்று ஒரு சிறு சன்னல் திறந்தது. 1965 அக்டோபர் 3 அன்று, அச்சிலையின் காலடியிலேயே நின்று, குடியரசுத் தலைவர் ஜான்சன் அந்தப் பழைய பங்கு முறையை ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். இன்று அந்நாட்டில் வாழும் இந்திய மருத்துவர்கள், பொறியாளர்கள், ஆசிரியர்கள் பலர் குடும்பமாகச் சென்று சேர்ந்தது அவ்வாயிலின் வழியாகத்தான். யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்னும் வழக்கு அங்கே இன்றும் ஓயவில்லை. வழக்காடும் இரு சாராரும் எம்மாவின் அந்தப் பதினான்கு அடிகளைக் குறித்தே வாதாடுகிறார்கள்.

மீண்டும் வேதியியலுக்கு வருவோம். திறந்த நாளில் சிலை செம்பின் சிவப்பு நிறத்தில் இருந்தது. காற்றும் மழையும் பட்டுப் பச்சைக் களிம்பு படர்ந்தது. நம் வீட்டில் புளி போட்டுத் துலக்குவோம். அங்கே 1906இல் வண்ணம் பூசலாம் என்ற பேச்சு எழுந்தது, மக்கள் எதிர்த்தார்கள். களிம்பு செம்பைக் காக்கிறதேயன்றி அழிக்கவில்லை என்று தெரிந்தது, அப்படியே விட்டார்கள். வெளித்தோற்றம் மாறியும் தோலுக்குக் கேடில்லை.

கேடு உள்ளே இருந்தது. கல்நாரும் அரக்கும் நாளடைவில் நைந்து போயின. செம்பும் இரும்பும் நேருக்கு நேர் தொட்டன. உப்புக் காற்று மின்கலத்தை முடித்து வைத்தது. இரும்புப் பட்டைகள் துருவேறிப் பருத்தன. பருத்த துரு பற்றுகளின் தறைகளைப் பிடுங்கியெறிந்தது. தீவில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை; சிலை என்றும் போல் அழகாகவே இருந்தது. 1984 முதல் 1986 வரை நடந்த பழுதுபார்ப்பில், ஒரு வேளைக்குச் சில பட்டைகளை மட்டும் கழற்றி, அளவெடுத்து, துருப்பிடிக்காத எஃகில் புதிதாகச் செய்து பொருத்தினார்கள். ஒரேயடியாகக் கழற்றினால் தோல் உருமாறிவிடும். ஆயிரத்துக்கு மேற்பட்ட பட்டைகளையும் இப்படியே மாற்றி முடித்தார்கள்.

இலட்சியம் செம்பு போன்றது, எளிதில் அழிவதில்லை. ஊரார் கண்ணுக்குத் தெரிவதும் அதுவே. அதை உள்ளிருந்து தாங்கும் சட்டமும் வழக்கமும் அன்றாடச் செய்கையுமே துருப்பிடிப்பவை. பொன்மொழி மங்கிவிட்டதென்று நாம் கவலைப்படுவது வீண். அதைத் தாங்கும் பட்டைகளைத்தான் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கவேண்டும். சௌம் சொங் போ செய்தது அதுவே. படகில் சுற்றிய பெண்கள் செய்ததும் அதுவே. அவர்கள் சிலையை உடைக்கச் சொல்லவில்லை. சிலை சொன்னதைச் செய்யச் சொன்னார்கள். பொறித்து வைத்த வாக்கினால் விளையும் பெரும்பயன் இதுதான். எழுதியவன் மறந்தாலும், வாசலில் நிற்பவன் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம்.

நம் வாசல்

இவ்விடத்தில்தான் அந்தத் துணி எனக்கு நினைவு வந்தது.

தோழர்களே, நாமும் வந்தேறிகளே. மொழி தெரியாத ஊரில், இரண்டு பெட்டிகளோடு, ரயில் நிலையத்தில் விழித்துக்கொண்டு நின்றவர்கள்தாம் நாம் எல்லோரும். ‘மதராசியா? அறை இல்லை’ என்ற சொல்லை முதல் வாரத்திலேயே நான் கேட்டேன். அன்றிரவு ஓர் அண்ணன் தம் விடுதி அறையில் எனக்குப் பாய் விரித்தார், பட்டியலைப் பார்க்கவில்லை. அந்தப் பாயில் படுத்தெழுந்தவன்தான் மறு ஆண்டு மேசை போட்டு உட்கார்ந்தேன். தடுக்கச் சொல்லி எனக்கு எவரும் ஆணையிடவில்லை. இடம் இல்லாமலும் இல்லை. பின் வரிசைகள் காலியாகவே கிடந்தன. ‘வருக’ என்று எழுதியதும் என் கை. வராதே என்று காட்டியதும் என் கை.

சென்ற பொங்கலுக்கு அவரை அழைக்கப் போனேன். கடையில் வேறொருவர் தோசைக் கல்லின் முன்னே நின்றிருந்தார். பழைய ஆள் வேலையை விட்டுவிட்டாராம்; எந்த ஊருக்குப் போனாரென்று எவருக்கும் தெரியவில்லை. அவர் பெயரைக்கூட நான் அன்று கேட்டு வைக்கவில்லை.

இவ்வாண்டு வரவேற்பு விழா நெருங்குகிறது. துணி என் பெட்டியில் மடித்து வைத்தபடியே இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன், எழுத்து மங்கவில்லை. அதையே மீண்டும் கட்டலாம். மேசையை மட்டும் போடவேண்டாம்.